ஆணியில் தொங்கிய கம்பளி

அரவேணுப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாசல் நிலையில் ஓர் ஆணி இருந்தது. ஃபேக்டரியில் மெக்கானிக் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுப் பையை மாட்டுவதற்காக நான் அடித்தது. ஒரு மழைக்காலத்தில் அதில் என் பை தொங்கவில்லை. வேறொருவருடைய கறுப்புக் கம்பளிதான் தொங்கியது. கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வார்களே, அந்தக் கம்பளி. அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டிச் சொட்டி வாசற்படியில் தேங்கி நிற்கும். கம்பளி தொங்கினால் சிலோன் அக்கா உள்ளே என் மனைவியோடு இருக்கிறார் என்று அர்த்தம். கதவும் உள்ளே தாழிட்டிருக்கும்.

சிலோன் அக்கா எங்களுக்கு அடுத்த லைனில் தனியாக இருந்தவர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்களில் ஒருவர். கழுத்தில் மாதா சுரூபம் போட்ட கறுப்புக் கயிறு. வாயில் எப்போதும் வெற்றிலை. யாரிடமும் அதிகம் பேசமாட்டார். பேசாதவர்களைப் பற்றித்தானே லைனில் அதிகம் பேசுவார்கள்? "அந்தம்மா கண்ணு நல்ல கண்ணு இல்லீங்க" என்பார் ஒருவர். "கடல் தாண்டி வந்தவங்க, என்னென்ன கத்துக்கிட்டு வந்தாங்களோ" என்பார் இன்னொருவர். நான் மலைக்குக் கீழே காரமடைப் பக்கத்துக்காரன், செய்வினைப் பயத்தோடு வளர்ந்தவன். இந்தப் பேச்சையெல்லாம் வாயைத் திறந்து மறுத்ததும் இல்லை, மனசுக்குள் விடாமல் இருந்ததும் இல்லை.

அந்த வருஷம் எங்கள் முதல் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அதன் பிறகு என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். முன்னால் தட்டை வைத்தால் பார்ப்பாள், கை நீளாது. குன்னூர் டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். மாரியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒருநாள் சோலைக்குக் கீழே இருக்கிற தடுப்பணையின் விளிம்பில் அவள் தனியாக நின்றதைப் பார்த்து, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தவர் சிலோன் அக்காதான். அதற்குப் பிறகு ஃபேக்டரியில் பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அந்த அணைத் தண்ணீரின் சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் பிழைப்பாளா என்ற ஒரே கேள்வியோடு வேலைக்குப் போனேன், வந்தேன்.

மறுநாளிலிருந்து அக்கா தினமும் வர ஆரம்பித்தார். கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். நான் வந்து தட்டினால் கதவைத் திறந்து, "நல்லாத்தான் இருக்கு தம்பி, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எதற்கு வந்தார், உள்ளே என்ன செய்தார், ஒரு வார்த்தை கிடையாது. காப்பாற்றியவர்மேல் சந்தேகப்படலாமா என்று கேட்டால், அப்போதுதான் சந்தேகம் நன்றாக வளர்கிறது என்பேன். இவ்வளவு அக்கறை எதற்கு? மதம் மாற்றப் பார்க்கிறாரா? அணைக்கரைக்கு அவள் போனதே இவர் வேலையாக இருக்குமோ? ஒரு நாள் அந்த ஆணியையே பிடுங்கி எறிந்தேன். மறுநாள் கம்பளி ஜன்னல் கொக்கியில் தொங்கியது.

அப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் அதைப் பார்த்தேன். பழைய துணியில் ஏதோ இலையைக் கசக்கி உருட்டி வைத்திருந்தது. செம்பு நிறம், ஈரம், ஒரு மாதிரி புளித்த மணம். லீவு போட்டுவிட்டு, ஒரு பிடியை மடித்து எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துப் பக்கம் குறி சொல்கிறவரிடம் போனேன். அவர் அதைத் தொடாமலே கண்ணை மூடிக்கொண்டு, "இது மலையாளத்து மருந்துங்க. ஊட்டுப் பொம்பளைக்கு வாயக் கட்டிப் போட்டிருக்காங்க" என்றார். அக்கா வருவதற்கு வெகு முன்பே அவள் வாய் கட்டிக் கிடந்தது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

திரும்பி வந்து ஃபேக்டரியில் தேயிலைப் பதம் பார்க்கிற டீ மேக்கரிடம் மட்டும் ரகசியமாகக் காட்டினேன். வயதானவர், ஊர் உலகம் தெரிந்தவர். மூக்குக்கிட்டக் கொண்டுபோனவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்ப்பா, இது நம்ம தேயிலதானப்பா! முத்தல் எலையக் கசக்கிப் போட்டா செவக்காம என்ன பண்ணும்? பொழுதினிக்கும் இதத்தான் அரைச்சுக் கொட்டறே. உங்க ஊட்டுக் கட்டலுக்கடியில கெடந்தா மருந்தாயிருமா?"

வெட்கமாகத்தான் இருந்தது. பயம் வந்துவிட்டால் தினமும் தொட்டுப் புழங்குகிற பொருள்கூட அந்நியமாகிவிடுகிறது. ஆனால் சந்தேகம் லேசில் விடுமா? மருந்து இல்லை என்றால், தாழிட்ட அறைக்குள் தேயிலையைக் கசக்குவது எதற்கு? அன்று வேலை முடிவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கம்பளி ஜன்னலில் தொங்கியது. கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது. யாருடையது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எத்தனையோ மாதமாக நான் கேட்காத குரல்.

"உனக்குக் கண்ணிருக்குதா? மாவெளக்கு வெச்சேனே, தின்னுட்டுத்தான இருந்தே? எம் புள்ள மூஞ்சிய ஒருக்கா நல்லாப் பாக்க உட்டியா நீ? நீயெல்லாம் ஒரு ஆத்தாளா?"

"இன்னும் சொல்லு புள்ள. அவங்களுக்கு நல்லாக் காது கேக்கும்" என்றது அக்காவின் குரல். "எலையப் பிச்சுப் போடு. கை சும்மா இருந்தா வாயி அடங்கிப் போகும்."

"உங்க மாதா மட்டும் என்ன பண்ணுனா? அவளும் பாத்துக்கிட்டுத்தான இருந்தா?"

"அந்தா! என் மாதாவ நான் பாத்துக்கிறேன். ஒஞ் சாமிய நீ திட்டு, என் சாமிய நான் திட்டுறேன். மாத்தித் திட்டுனமுன்னா அவங்களுக்குள்ள சண்ட வந்துரும்."

அதற்கு என் மனைவி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அந்த அழுகைக்காக எத்தனை டானிக் வாங்கிக் கொடுத்திருப்பேன்! என் கால் வழுக்கிக் கதவில் இடித்துக்கொண்டேன். கதவைத் திறந்தவள் அவள்தான்.

"வெளிய நின்னு ஒட்டுக் கேக்கறீங்களா? வெக்கமா இல்லீங்களா?"

குழந்தை போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. அவ்வளவு நல்ல பேச்சை நான் அதற்கப்புறமும் கேட்டதில்லை.

அக்காவை அவர் லைன்வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழியில் கேட்டேவிட்டேன்: "ஏனுங்கக்கா, சாமியத் திட்டச் சொல்றீங்களே, பாவமில்லீங்களா?"

அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். "தம்பி, கப்பல்ல வந்து எறங்கின ஒடனே கேம்புல எம் மகன் செத்துட்டான். வாய மூடிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அப்பத்தான் எனக்குச் சாமியே இல்லாமப் போச்சு. பொறவு ஒரு நாளு தாங்கமாட்டாம மாதாவ ஏசினேன். ஏச ஏச, எதுக்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சிச்சு. யாரும் வெறுஞ் செவுத்த ஏசுவாங்களா?"

இப்படியும் ஒரு பக்தியா என்று அப்போதும் சந்தேகம்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய இடத்திலேயே வேறோர் ஆணியை அடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளாகவே கோயிலுக்குக் கிளம்பினாள். பூவும் இல்லை, பழமும் இல்லை, வெறுங்கை. நான் தூரத்தில் நின்று பார்த்தேன். சந்நிதியில் நின்று உதடு அசைய என்னென்னவோ சொன்னாள். பூசாரி பயந்துபோய் இரண்டடி தள்ளி நின்றார். நெற்றியில் குங்குமத்தோடு வெளியே வந்தவளிடம் மெல்லக் கேட்டேன்: "பேசித் தீத்துட்டியா?"

"எங்க தீர்றது? அடுத்த வெள்ளிக்கெழமையும் வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கறேன்" என்றாள்.

நாளைக்கு என்று ஒன்று இருப்பதையே விட்டுவிட்டிருந்தவள், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அம்மனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். படியில் நின்றபடியே நான் கர்ப்பக்கிரகத்தின் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். நம்பியா கும்பிட்டேன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் திட்டமாகச் சொல்லமாட்டேன். கும்பிட்டேன், அவ்வளவுதான்.

சிலோன் அக்கா காலமாகி வெகு காலம் ஆகிறது. நாங்களும் எஸ்டேட்டை விட்டுக் கட்டபெட்டில் வீடெடுத்து வந்துவிட்டோம். கொஞ்ச நாளாக என் மனைவி சாயங்காலமானால் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பிவிடுகிறாள். கேட்டால், "வந்தர்றேன்" என்பதோடு சரி. கீழ்த்தெருவில் ஒரு டிரைவர் தம்பி இருக்கிறார். அவர் மனைவிக்கும் எங்களுக்கு வந்த மாதிரியே ஒரு துக்கம். நேற்று அந்தத் தம்பி டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீயைக் குடிக்காமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. அத்தை எங்க ஊட்ல கதவச் சாத்திட்டு என்னதானுங்க பண்றாங்க? கட்டலுக்கடியில என்னமோ எலையெல்லாம் கெடக்குதுங்க."

அந்தக் குரலும் அந்தக் கண்ணும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் வேறொருவர் சொல்லி நம்புகிற விஷயமா அது?

"ஒரு நாளைக்கு வேலைய விட்டுக் கொஞ்சம் முன்னாலயே வந்து, தட்டாம வெளிய நில்லுங்க" என்றேன்.

அவர் என்னையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். பார்க்கட்டும். மெக்கானிக்காக இருந்தவன் பை காலியாக இருக்குமா? துழாவி ஓர் ஆணியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இத வாசல் நெலையில அடிச்சு வெச்சிருங்க தம்பி. உங்க அத்தை ஸ்வெட்டர் மழையில நனைஞ்சு போகுது."