டுசல்டோர்ஃபில் பார்த்த நூபிய அரசன்

1989 மார்ச், ஒரு சனிக்கிழமை. எசன் அகதி விடுதியில் இருந்த காலம் அது. பக்கத்து நகரத்துக்குப் போகவும் அனுமதித் தாள் வேண்டும். டுசல்டோர்ஃபில் பழைய ஆப்பிரிக்க அரசர்கள் பற்றிய கண்காட்சி என்று காரணம் எழுதி, எனக்கும் அறைத்தோழன் யோகனுக்கும் ஒரே தாளில் வாங்கினேன். உண்மையில் நாலு சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. ஊரில் அண்ணனை ஆமி, அதாவது இராணுவம், பிடித்துக்கொண்டுபோய் ஒரு வருடம் தாண்டியிருந்தது. "ஆரையும் கேட்டுப் பார் ராசா" என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

காலை 9.12 ரயில். முப்பத்தைந்து கிலோமீட்டர், அரை மணி நேரம். நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. நல்ல மழை; குடை எடுக்கும் புத்தி இரண்டு பேருக்கும் இல்லை. நுழைவு நான்கு மார்க்.

மூன்றாம் அறையில் நைல் கரை நூபியாவின் அரசன் ஒருவன் கதை. வழிகாட்டிப் பெண் நிதானமான ஜெர்மன் மொழியில் சொன்னதால் எனக்கே விளங்கியது. எகிப்து சுல்தானோடு அவனுக்குப் பகை. வீட்டுக்குள் அதைவிடப் பெரிய பகை. அங்கே சகோதரியின் மகனுக்கும் பட்டத்தில் உரிமை உண்டாம். அந்த மருமகன் சுல்தானிடம் போய், அந்நியப் படைக்கு வழிகாட்டிக்கொண்டு திரும்பினான். தோற்று ஓடிய அரசனை, அடைக்கலம் கேட்ட இடத்திலேயே பிடித்துக் கொடுத்தார்கள். கெய்ரோச் சிறையில் அவன் கதை முடிந்தது. முடி மருமகனுக்கு, கப்பம் சுல்தானுக்கு.

"நாய்ப் பிறவி" என்றேன்.

யோகன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அவனை அடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்தானே" என்றான்.

"அவனாப் போய்க் கேட்டவனாம். உனக்குக் கேக்கேல்லையே?"

"எனக்குச் சாக்குப் போட்டவங்கள்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளியிலிருந்து வந்த ஆமி எங்கள் ஊர்களை வரிசையில் நிறுத்தும். கண்ணுக்கு மட்டும் ஓட்டை வெட்டிய சாக்கைத் தலையில் மாட்டி ஒருவனை முன்னால் இருத்தும். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போகும். தலையாட்டி என்போம். அண்ணனை அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

"எவடத்திலை, யோகன்?"

"உங்கடை பள்ளிக்கூட மைதானத்திலை. அடி தாங்க ஏலாமல் போச்சு. ஒராளையாவது காட்டு எண்டாங்கள். எனக்கு முகம் தெரிஞ்சது உன்ரை அண்ணை மட்டும்தான்."

"அண்ணை உயிரோடை இருக்கிறானோ?"

"இல்லை. அண்டைக்குப் பின்னேரமே முடிஞ்சுது. நான் கண்டனான்."

அவன் சட்டையைப் பிடித்தேன். காவலாளி திரும்பிப் பார்த்தார். பொலிஸ் என்றால் எங்கள் இருவரின் அகதி வழக்கும் அவ்வளவுதான். விட்டுவிட்டேன். பயத்தில்தான் விட்டேன், பெருந்தன்மையில் இல்லை. ஒரே தாள் என்பதால் திரும்பும்போதும் எதிரெதிரே உட்கார வேண்டியிருந்தது. அரை மணி நேரமும் அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

இப்படியான கண்காட்சிக்குப் போகிறவர்கள் சனி காலையில் போங்கள், கூட்டம் இராது. இரண்டு மணி நேரம் போதும். வழிகாட்டியோடு சேர்ந்து நடந்தால் நிறைய விளங்கும். அனுமதித் தாள் வாங்கும் காலம் எல்லாம் போய்விட்டது.

மறுநாள் அம்மாவுக்கு எழுதினேன்: "கேட்டுப் பார்த்தேன் அம்மா, ஒருவருக்கும் தெரியாதாம்." அதை நம்பி அவர் இன்னும் பதினொரு வருடம் காத்திருந்தார்.