உறையாத பால்

இன்று காலை அடுப்பில் பால் திரிந்துவிட்டது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதுமே நான் நினைவில், இலங்கையில் நாங்கள் வளர்ந்த கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன். உறைந்த ரப்பர்பாலுக்கும் இதே வாடைதான்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் அங்கே வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு வாளி ஓட்டம் நடக்கும். ரப்பர்பால் கலந்த தண்ணீரை வாளி நிறையத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சிந்தினால் செம்மண்ணில் வெள்ளையாகத் தெரியும். சிந்தியவர் முதலில் வந்தாலும் தோற்றவர்தான். தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களில், எப்போதும் மேல் லயத்துப் பிள்ளைகளே ஜெயித்து, எங்கள் கீழ் லயத்தைக் கேலி பேசுவார்கள்.

அந்த வருடம் எங்களுக்காக ஓடியவள் என் அக்கா ராசம்மா. ஓட்டத்துக்கு முன்னால், தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த மாமா, பாலை உறைய வைக்கிற அசிட்டைச் சின்னப் போத்தலில் கொண்டுவந்தார்.

"இத ஊத்தி வச்சா பால் கட்டியாயிரும் புள்ள. குதிச்சு ஓடினாலும் சிந்தாது. நம்ம லயத்து மானத்தக் காப்பாத்து."

அக்கா வாளியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வேணாம் மாமா. தெனமும் மலையிலேர்ந்து விழுற பீலித் தண்ணிய சிந்தாம தூக்கித்தான் பழகியிருக்கேன். எனக்கு அது வருதான்னு பாக்கணும்."

கடைசி வளைவில் வாளி தளும்பி, மண்ணில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன.

அன்று மாலை லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. மாமா மட்டும் வெறும் வாளியோடு வந்தார்.

"நான் சொன்னதக் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"வாளியக் குடுங்க மாமா," என்றாள் அக்கா. "பீலிக்குப் போகணும்."

திரிந்ததைக் கொட்டிவிட்டு வேறு பால் வைத்தேன். அது பொங்கும்வரை, வெறும் வாளியில் தண்ணீர் விழும் சத்தம்தான் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.