மூன்றாம் குறுக்குத் தெருவின் வெதுவெதுப்பான தண்ணீர்

எங்கள் காலனி நலச்சங்கக் கூட்டங்களுக்கு வழக்கமாக என் கணவர்தான் போவார். அந்த மார்கழியில் மட்டும் நான் போனேன். சங்கராந்திக்குக் கோலப்போட்டி நடத்துவது பற்றிப் பேசப்போவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள் நான். புள்ளிக் கோலம் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பூங்காவில் தகரக் கொட்டகைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவர் பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; சித்தூரில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழும் தடையில்லாமல் வரும். அகலமாக, சிமெண்ட் போட்டு மட்டமாக இருக்கும் மூன்றாம் குறுக்குத் தெருவில் போட்டியை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

“அங்க தண்ணி நிக்குதே சார்?” என்று யாரோ கேட்டார்கள்.

அது எல்லோருக்கும் தெரிந்த தண்ணீர். தெரு திரும்பும் இடத்தில், நடுரோட்டில், சிமெண்ட் விரிசலிலிருந்து கசியும். அந்த வருஷம் மழை பலமாகப் பெய்து ஓய்ந்தபின் மற்ற தெருக்களெல்லாம் காய்ந்துவிட்டன. அந்த ஒரு இடம் மட்டும் காயவில்லை. பெரிய வெள்ளமில்லை, காக்கை குளிக்கிற அளவுதான். ஆனால் பாசி பிடித்து ஸ்கூட்டர்கள் சறுக்கின. சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொரு விரிசல் விட்டு அங்கே கசிந்தது.

“மாவு வீட்டுத் தண்ணிதான்” என்றார் ஒருவர். நிறைய தலைகள் ஆடின.

திருப்பத்தில் இருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு ஒரு தம்பதி இருந்தார்கள். இட்லி மாவு அரைத்து, பாக்கெட் கட்டி விற்றார்கள். விடியலிலிருந்து அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதுமாக இருக்கும். காலனியில் பாதி வீடுகளில் அந்த மாவில்தான் இட்லி.

“வாடகைக்கு இருக்கறவங்க. சொல்லிப் பார்ப்போம். கேக்கலேன்னா வீட்டு ஓனர்கிட்ட பேசணும்” என்றார் தலைவர்.

மாவு அரைப்பவள் பின்னால்தான் நின்றிருந்தாள். சித்தூர் பக்கத்துக் குடிபாலா ஊர்க்காரி. கோலப்போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

“என் வூட்டுத் தண்ணி காவாய்க்குப் போவுது சார். ரோட்டுக்கு இன்னாத்துக்கு வரப்போவுது?” என்றாள். “நாளைக்கு அரைக்கல. மோட்டாரும் போடல. ஒரு சொட்டுத் தொறக்கல. நீங்களே வந்து பாருங்க.”

சொன்னபடியே செய்தாள். மறுநாள் கேட்டில் ‘இன்று மாவு இல்லை’ என்று அட்டை தொங்கியது. சாயங்காலம் சங்கத்தார் போய்ச் சுற்றி நின்று பார்த்தார்கள். தண்ணீர் எப்போதும்போல் கசிந்துகொண்டிருந்தது.

“ஏற்கெனவே ஊறினதும்மா. வடியறதுக்கு நாளாகும்” என்றார் ஒருவர்.

“அது வடியற வரிக்கும் நாங்க இன்னா துன்றது சார்?”

அவள் உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு மாவு வாங்கப் போனால் முகம் பார்க்காமல் பாக்கெட்டை நீட்டுவாள். சில வீட்டுக்காரர்கள் மெயின் ரோட்டுக் கடைக்கு மாறிவிட்டார்கள்.

அவள் வீட்டுத் தண்ணீர் இல்லையென்றால் யார் வீட்டுத் தண்ணீர்? எனக்கு அது குடைய ஆரம்பித்தது. துணி காயப்போடும் நேரத்தில் மாடியிலிருந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாக்கடையென்றால் நாற்றம் வரவேண்டும், வரவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரென்றால் நுரையாவது இருக்கவேண்டும்; கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. நகராட்சிக் குழாய் உடைந்திருக்கிறதென்றால் தண்ணீர் விடும் வேளையில் அதிகமாகவும் மற்ற வேளையில் குறைவாகவும் வரவேண்டும். இது எந்நேரமும் ஒரே மாதிரி வந்தது.

“உனக்கு வேற வேலையே இல்லையா?” என்றார் என் கணவர். வேலை இருந்தது. இது அதைவிடச் சுவாரசியமாக இருந்தது.

ஒரு விடியலில் மலையே தெரியாத அளவு பனி. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திருப்பத்தைக் கடக்கும்போது பாசியில் கால் வழுக்கி, ஒரு கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். கை தண்ணீருக்குள் போனது. சில்லென்று இருக்கப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே குறுகிவிட்டது. ஆனால் சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். சந்தேகமே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன், விரல்கள் மரத்துப்போயின. அந்தக் குளிர் கையில் இருக்கும்போதே திரும்பி வந்து மூன்றாவது முறையாகத் தொட்டேன். எங்கள் நிலத்தில் மார்கழிக் காலையில் பம்புசெட் போட்டால் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். தொட்டியில் ஆவி பறக்கும். இது எந்த வீட்டுக் குழாயிலிருந்தும் வரவில்லை, பூமிக்குள்ளிருந்து வருகிறது என்று தோன்றியது.

மாவு வீட்டில் விளக்கு எரிந்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தட்டினேன்.

“இன்னும் பாக்கெட்டுக் கட்டலக்கா” என்றாள் உள்ளிருந்தே.

“மாவுக்கு வரல. கொஞ்சம் வெளிய வா. இந்தத் தண்ணியில கை வச்சுப் பாரு.”

என்னைச் சந்தேகமாகப் பார்த்தபடி வந்தாள். முதலில் காலை வைத்தாள். உடனே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விட்டாள்.

“ஐயே! வெதுவெதுன்னு கீதுக்கா!”

“உன் தொட்டித் தண்ணி எப்படி இருக்கும்?”

“ஐஸு மாதிரி. அரிசி கழுவிக் கழுவி வெரலே மரத்துப் பூடுது.” சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “அப்போ இது பூமித் தண்ணிக்கா.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது.”

“தலைவரைக் கூப்புடு. நான் கூப்ட்டா வரமாட்டாரு.”

அவரைத் தேடவேண்டியிருக்கவில்லை. குரங்குக் குல்லாயோடு பூங்காவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, வலது காலைத் தண்ணீரில் வைத்தார். முகம் மாறியது.

“வெச்சகா உந்தே!” என்றார் தெலுங்கில். சூடாக இருக்கிறதே என்று அர்த்தம். நம்பாமல் இடது காலையும் வைத்துப் பார்த்தார். பிறகு, “பார்க்குல போர் தண்ணி எப்படியிருக்கு?” என்று எங்களிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெறுங்காலோடு அவரே பூங்காவுக்குள் போனார். மோட்டார் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கிட்டத்தட்ட ஓடி வந்தார். “அதே சூடு!”

அவருக்குள்ளும் இப்படியொரு ஆவல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வார்டு இன்ஜினியர் சின்ன வயசுக்காரர். சூடு, குளிர் என்ற பேச்சையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தெருக் குழாயின் வால்வை அடைத்துப் பார்க்கச் சம்மதித்தார். அடைத்தும் கசிவு நிற்கவில்லை என்றதும் அவருக்கும் குழப்பம் வந்துவிட்டது. ஆட்களோடு வந்து சிமெண்டை உடைக்கச் சொன்னார்.

உடைத்த அன்று தெருவே மாடிகளிலும் பள்ளத்தைச் சுற்றியும் நின்றது. சிமெண்டுக்குக் கீழே ஜல்லி, செம்மண், உடைந்த செங்கல். அப்புறம் கடப்பாரை ணங்கென்று எதிலோ இடித்தது. மண்ணை ஒதுக்கினார்கள். வரிசையாக அடுக்கிய கருங்கற்கள். அந்த வரிசை நேராகப் போகாமல் ஒரே பக்கமாக வளைந்துகொண்டே போனது. தெருவோரம் தலைவர் வழக்கமாகக் காரை நிறுத்தும் இடம்வரை வளைவு தெரிந்தது.

முதலில் புரிந்துகொண்டவள் மாவுக்காரிதான். “சார், பாவி! பாவி சார்!” என்று கத்தினாள்.

மதுரையிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் பதறிப்போய்விட்டாள், தலைவரைத்தான் திட்டுகிறாள் என்று. எங்கள் பக்கத்தில் தமிழர்களும் கிணற்றைத் தெலுங்கு வார்த்தையில் பாவி என்று சொல்வோம் என்பதை அப்புறம் அவளுக்கு விளக்கவேண்டியிருந்தது.

அதற்குள் யாரோ சாவி வாங்கிக் காரை நகர்த்தினார்கள். கிணற்றை இடிபாடுகளால் நிரப்பியிருந்தார்கள். காலப்போக்கில் அவை நடுவில் உள்வாங்கி ஒரு பொந்து விழுந்திருந்தது. வேலையாள் அதில் ஒரு கல்லைப் போட்டார். தளும்பி நின்ற தண்ணீரில் அது மூழ்கி, கொஞ்சம் தாமதித்து, ஆழத்தில் எதிலோ இடிக்கும் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் போனோம். விநாயக சவிதிக்குப் பந்தல் போட்டு, நாங்கள் எல்லோரும் கும்பலாக உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்ட இடம் அது.

விளைநிலத்தை மனைகளாகப் பிரித்தபோது, பாசனக் கிணற்றை அரைகுறையாக மூடி மேலே ரோடு போட்டிருக்கிறார்கள். யார் செய்தது என்பது தெரியவில்லை. அந்த வருஷ மழையில் நிலத்தடி நீர் ஏறியதும், உள்ளே அடைபட்டிருந்த கிணறும் நிறைந்து மேலே கசிந்திருக்கிறது.

அன்றைக்கே தலைவர் மாவு வீட்டு கேட்டில் போய் நின்றார். என்னையும் துணைக்கு அழைத்திருந்தார். “தப்பு எங்களதும்மா. உன்னை அனாவசியமா சொல்லிட்டோம். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் சொன்னதை, மீட்டிங்லயே வாபஸ் வாங்கிக்கறேன்.”

“சொல்லுங்க சார். நானும் வர்றேன்” என்றாள். “என் காதால கேக்கணும் இல்ல?”

அடுத்த கூட்டத்தில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அவர் எழுந்து நின்று சொன்னார். மடியில் கைகளை வைத்துக்கொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டாள். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. “சரி சார். அடுத்த விசயத்துக்குப் போலாம்” என்றாள்.

கோலப்போட்டியைக் குறுகலான நான்காம் குறுக்குத் தெருவுக்கு மாற்றினோம். பண்டிகை மாவு வேலையில் அவளால் கலந்துகொள்ள முடியவில்லை. பரிசு மயில் போட்டவளுக்குப் போனது, எனக்கில்லை.

கிணற்றை என்ன செய்வது என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. கான்கிரீட் கொட்டி மூடிவிடவேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம். தூர்வாரி வைத்தால் வெயில் காலத்தில் பூங்காவுக்காவது ஆகும் என்றவர்கள் இன்னொரு பக்கம். கூட்டத்துக்குக் கூட்டம் குரல்கள் உயர்ந்தன. கடைசியில் தூர்வாரி, சுற்றுச்சுவர் எழுப்பி, இரும்புக் கம்பி மூடி போடுவதென்று முடிவானது. தெரு இப்போது அந்த இடத்தில் ஒதுங்கி வளைந்து போகிறது.

தூர்வாரிய நாட்களில் தினமும் போய் நின்று பார்த்தேன். துருப்பிடித்த ராட்டினம் வந்தது. மாட்டுக் கழுத்து மணி ஒன்று வந்தது, நாக்கில்லாமல். யாருடைய நிலம், யார் வெட்டிய கிணறு என்று கேட்டுப் பார்த்தேன். பால்காரர் ஒரு குடும்பத்தைச் சொன்னார், டீக்கடைக்காரர் வேறொரு குடும்பத்தைச் சொன்னார். இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறு மழைக்காலம் வந்தது. சங்கத்துக்குப் புதுப் புகார்: கிணற்றுக்குள் தவளைகள் குடியேறிவிட்டன, அந்தச் சத்தத்தில் தூங்கவே முடிவதில்லை. புகார் கொடுத்தவர், சங்கம் உடனே நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று எழுந்து நின்று கேட்டார்.

முன்வரிசையிலிருந்து மாவுக்காரி திரும்பிப் பார்த்தாள். “அதுங்களும் வாடகைக்குத்தான் இருக்குதுங்களா சார்?”

தலைவர் சிரித்துவிட்டார். புகார் கொடுத்தவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். கூட்டம் முடிந்ததும் எங்களில் சிலர் வீட்டுக்குப் போகாமல், எத்தனை தவளைகள் என்று பார்க்கக் கிணற்றடிக்குப் போனோம்.