நசீர் பாய் கணினியும் வெளிக் களஞ்சியங்களும்

போன சனிக்கிழமை நசீர் பாயிடமிருந்து போன். எங்கள் காஜா பேராங் பகுதியில் அச்சகம் வைத்திருப்பவர். அழாத குறை.

"தங்கச்சி, சீக்கிரம் வா லா! டிசைன் புரோகிராம் தொறக்கவே மாட்டேங்குது. குருபோங் ஏரியா ஆண்டி சாயங்காலம் கல்யாணக் கார்டு எடுக்க வராங்க!"

மறுநாள் காலை முதல் கார்டை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலில் வைத்துவிட்டு, உறவினர் வீடுகளுக்குக் கிளம்புவது ஆண்டியின் திட்டம். கார்டு இல்லையென்றால்..?

பாயின் கணினியில் லினக்ஸ் போட்டுக்கொடுத்தது அடியேன்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான் — சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

கடைக்கு ஓடி, கணினியைத் திறந்து பார்த்தேன். அடேயப்பா! லினக்ஸுக்கு மென்பொருள்கள் வருவது களஞ்சியம் என்ற கிடங்கிலிருந்து. வெளியாரின் களஞ்சியங்களையும் சேர்க்கலாம். பாயோ எழுத்துருவுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இன்னும் சில...

"ஏன் பாய் இவ்வளவு?"

"கஸ்டமர் நல்லதுன்னு சொன்னா எப்படி வேணாங்கிறது? பெருநாளுக்கு எல்லாருக்கும்தானே கதவத் தொறந்து வைக்கிறோம்!"

சரி. ஆனால் வந்தவரெல்லாம் அடுப்படியில் புகுந்து ஆளுக்கொரு பிடி உப்புப் போட்டால்? அதுதான் நடந்திருந்தது. காலையில் பாய் 'அப்டேட்' தட்ட, ஒரு வெளிக் களஞ்சியம் தன் இஷ்டத்துக்குப் புதுக் கோப்புகளை இறக்கிவிட்டது. டிசைன் புரோகிராமுக்கு அவை ஒத்துவரவில்லை.

பக்கத்துக் கடை அண்ணன் எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடச் சொல்லு பாய். சின்னப் புள்ள என்னத்தக் கண்டுபிடிக்கப் போவுது?"

நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன். வெளிக் களஞ்சியங்கள் அனைத்தையும் முடக்கினேன். அவை தந்த பதிப்புகளை நீக்கி, லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்துப் பதிப்புகளைப் போட்டேன். பிரிண்டருக்கு வேண்டிய களஞ்சியத்தை மட்டும், அசல்தான் என்று காட்டும் அதன் டிஜிட்டல் கையொப்பச் சாவி தயாரிப்பாளருடையதுதானா என்று சரிபார்த்துத் திரும்பச் சேர்த்தேன். பிரிண்டர் தவிர எதையும் தொடக்கூடாது என்று அதற்கு ஒரு கட்டுப்பாடும் விதித்தேன்.

புரோகிராம் திறந்தது! மஞ்சளும் சிவப்புமாகக் கார்டுகள் வந்து விழுந்தன. அண்ணன் ஒரு தே தாரேக் டீ வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். அந்த இனிப்பு இருக்கிறதே...

ஆண்டி வந்தார். கார்டைத் தடவித் தடவிப் பார்த்தார். பாய் நடந்ததைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கெட்டிக்காரப் புள்ள! சின்னவன் கல்யாணத்துக்குக் கண்டிப்பா வா மா. என் பெரிய பையன் இன்னும் தனியாத்தான் இருக்கான்."

மன்னிக்கணும் ஆண்டி... சரிபார்க்காமல் எதையும் சேர்ப்பதில்லை!