நின்று பதில் சொன்னவர்

பொம்மிடி ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார் அந்தப் பெரியவர். ஒரு கை கம்பியில், மறு கையில் மஞ்சள் பை. எனக்கும் அறுபத்தைந்து. முழங்கால் ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை.

"சேலத்துக்குங்களா?" என்றேன்.

அவர் நின்றார். இரண்டு கால்களையும் ஒரே படியில் சேர்த்துவைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆமாங்க. பேரனுக்குக் காதுகுத்து."

மறுபடி ஏறினார்.

"பொண்ணு வூட்டுப் பேரனுங்களா?"

மறுபடி நின்றார். "ஆமாங்க."

"ஏனுங்க, ஒவ்வொரு பேச்சுக்கும் நிக்கிறீங்க?"

அதற்கும் நின்றார். "பேசிக்கிட்டே எறங்கித்தானுங்க போன வருசம் இடுப்பு ஒடைஞ்சுது. இப்ப நடந்தா பேச மாட்டேன், பேசுனா நடக்க மாட்டேன்."

அதன் பிறகும் நான் கேட்பதை விடவில்லை. நாங்கள் உச்சிக்கு வருவதற்குள் சேலம் வண்டி கிளம்பிவிட்டது. எந்தப் பாசஞ்சர் வண்டிக்கும் இத்தனை நிறுத்தம் கிடையாது. எல்லாம் நான் வைத்தவை.

"இனி காது குத்தி முடிச்சிருவாங்க," என்றார் அயர்ந்துபோய். "சாப்பாட்டுக்காச்சும் போய்ச் சேரலாங்க."

அடுத்த வண்டிக்காக நடைமேடைக்கு இறங்கத் தொடங்கினோம். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அதற்கும் நிற்பாரே என்று, கடைசிப் படிவரை வாயை மூடிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன். இதை என் வீட்டில் இன்னும் யாரும் நம்பவில்லை.