ஆறு விரற்கடை

அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ, சரியாக நினைவில்லை. நெய்வேலியில் மின் நிலையம் புகைய ஆரம்பித்த புதிது. டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. அதெல்லாம் பெர்மனென்ட் ஆட்களுக்கு. நான் கான்ட்ராக்டில் மண் சுமந்தவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

நாங்கள் பத்துக் குடும்பம். முன்பு குடியிருந்த இடம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. வடக்குத்துப் பக்கம் ஒரு மேட்டுப் புறம்போக்கில் வரிசையாக வீடு கட்டிக்கொள்ள எழுதிக் கேட்டோம். இடம் கிடைத்தது. கட்டிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாங்களே கட்டினோம். லீவு நாளில் பத்துக் குடும்பத்து ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் இறங்கி வேலை செய்வோம். அது முடிந்தால் அடுத்தது.

எங்கள் மேஸ்திரி ஒரு விதி வைத்தார். எந்த வீடு யாருக்கு என்று கடைசி வரை தெரியக் கூடாது. பத்தும் முடிந்த பிறகு குலுக்கல்.

"முன்னாடியே தெரிஞ்சா அவனவன் வூட்டு மண்ண மட்டும் நல்லா மிதிப்பான்" என்றார். சரியான பேச்சு. ஒத்துக்கொண்டோம்.

எனக்கு இதில் அவசரம் இருந்தது. கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். அதில் ஒன்றே முக்கால் வருஷம் என் மனைவி திருவதிகையில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். சண்டை எதுவும் இல்லை. கட்டில்தான் காரணம்.

அவள் ஒரு பலாமரக் கட்டிலோடு வந்தவள். அவள் அப்பா தோப்பு வேலைக்குப் போய், கூலிக்குப் பதிலாக விழுந்த மரத்தை வாங்கி அடித்துக் கொடுத்தது. எல்லாம் ஆப்பு வைத்து இறுக்கியது. கழற்ற முடியாது. நான் அப்போது என் அண்ணனோடு இருந்தேன். ஒரே அறை, ஏழு பேர். கட்டில் வெளியே வேப்பமரத்தடியில் கிடந்தது. அதில் அண்ணனுடைய ஆடு படுத்தது. மூன்று மாதம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு பேச்சுத்தான் சொன்னாள்.

"கட்டில் உள்ள போற வூடு ஒண்ணு கட்டுங்க. கட்டிட்டு ஆள் அனுப்புங்க."

போய்விட்டாள்.

வீடு அளக்க எங்களிடம் டேப் கிடையாது. ஒரு மூங்கில் கோல்தான். கோல் பொறுப்பு என்னிடம் வந்தது. எவ்வளவு நீளம் என்று கேட்டேன். ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டிப் படுக்கிற அளவு என்றார் மேஸ்திரி. எந்த ஆள் என்று சொல்லவில்லை. நான் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு திருவதிகைக்குப் போனேன். கட்டிலை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டிக்கொண்டு வந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு இரண்டு அறை. முன் அறை உள்ளளவு ஒரு கோலுக்கு ஒரு கோல். பக்கவாட்டில் அடுப்படியும் அப்படியே. மண் சுவர், ஒற்றைச் சாய்ப்புக் கூரை. கூரை மூங்கிலைப் பண்ருட்டியில் மொத்தமாக வாங்கினோம். பத்து வீட்டுக்கும் ஒரே நாளில் ஒரே நீளமாக அறுத்து அடுக்கிவிட்டோம். முன்பக்கம் சுவரைத் தாண்டி ஒரு முழம் இறவாரம் நிற்க வேண்டும் என்று கணக்கு.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அளந்த இடத்தில் கோலைக் குத்தி அடையாளம் வைப்பேன். அங்கே மண் சரளை. குத்திக் குத்திக் கோலின் முனை பிய்ந்து துடைப்பம் மாதிரி ஆகிவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கும். அதனால் அடுத்த வீட்டை ஆரம்பிக்கும் முன்பு அரிவாளால் முனையில் ஒரு வெட்டுப் போடுவேன். இரண்டு விரற்கடை, அதாவது இரண்டு விரல் அகலம், போகும். முனை சுத்தமாகிவிடும். மேஸ்திரியே ஒருமுறை பார்த்துவிட்டு, பொருளை இப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

யாருக்கும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தெரிந்தது. புரியவில்லை. கூரை போடப் போட முன்பக்கம் மூங்கில் நீண்டுகொண்டே வந்தது. மூங்கில் கடைக்காரர் தாராளமான மனுஷர் என்று பேசிக்கொண்டோம். அறுத்தது நாங்கள்தான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நல்ல மூங்கிலை வெட்டிப் போட மனசில்லை. நீண்டது நீண்டபடி இருக்கட்டும் என்று விட்டோம்.

எங்களில் ஒருவர் ஆறு பிள்ளைக்காரர். அவர் ஒருநாள் ரோட்டில் நின்று வரிசையைப் பார்த்தார். வீடெல்லாம் போகப் போகச் சின்னதாகத் தெரிகிறதே என்றார். தூரத்தில் இருப்பது சின்னதாகத்தான் தெரியும் என்று மேஸ்திரி விளக்கினார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

புரட்டாசிக் கடைசியில் பத்தாவது வீடு முடிந்தது. அன்றைக்கே திருவதிகைக்குச் சொல்லி அனுப்பினேன். வருகிற வெள்ளிக்கிழமை கட்டிலோடு வரலாம் என்று. குலுக்கல் இன்னும் ஆகவில்லை. ஆனால் எது வந்தால் என்ன, எல்லாம் ஒரே கோல்தானே.

செவ்வாய்க்கிழமை குலுக்கல். சீட்டில் பேர் எழுதினால், படிக்கத் தெரிந்தவன் மாற்றிப் படிப்பான் என்று சந்தேகம். அதனால் ஆளுக்கு ஒரு பொருள் பானையில் போட்டோம். முந்திரிக்கொட்டை, சட்டைப் பட்டன், வளையல் துண்டு, இப்படி. ஆறு பிள்ளைக்காரர் ஒரு பிள்ளையின் விழுந்த பல்லைப் போட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியாக வெட்டிய கோல் முனை மடியில் இருந்தது. அதைப் போட்டேன்.

எடுப்பதற்கு வெளி ஆள் வேண்டும். ரோட்டில் கம்பெனி பஸ் வந்தது. கை காட்டினோம். டிரைவர் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். செகண்ட் ஷிப்ட் ஆட்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சீக்கிரம் சீக்கிரம் என்றார்கள்.

முதல் வீட்டுக்கு அவர் கை விட்டார். பல் வந்தது. பார்த்ததும் கையை உதறினார். மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. மேஸ்திரிக்கு மூன்றாவது வீடு. ஒன்பதும் முடிந்து பானையில் மிச்சம் இருந்ததை மேஸ்திரியே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னாது?"

"கோல் மொனை" என்றேன்.

"எந்தக் கோலு?"

"நம்ப கோலுதான்."

அவர் அதைத் தன் விரலோடு வைத்து அளந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மொனை இங்க இருந்தா, அங்க கோலு எப்பிடிப்பா இருக்குது?"

எத்தனை தடவை வெட்டினாய் என்று கேட்டார். ஒன்பது என்றேன். கோலை எடுத்துக்கொண்டு எல்லோரும் முதல் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸும் காலியாகி எங்களோடு வந்தது. கோலைத் தரையில் வைத்தார்கள். ஒரு முனை சுவரைத் தொட்டது. மறு முனைக்கும் சுவருக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் சும்மா கிடந்தது.

முதலில் சிரித்தது டிரைவர். அப்புறம் ஷிப்ட் ஆட்கள். அப்புறம் எங்கள் ஆட்கள். ஒன்பதாவது வீடு கிடைத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே சின்ன வீடு எனக்கே வந்துவிட்டதால் எனக்கு அடி விழவில்லை.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது தடவை, தடவைக்கு இரண்டு. பதினெட்டு விரற்கடை. கட்டிலுக்கு மேல் நான் விட்ட சாண் பன்னிரண்டு. ஆறு விரற்கடை இடிக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் கட்டில் விஷயத்தை மேஸ்திரியிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பத்து வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சுவரை உள்பக்கம் சுரண்டலாம் என்றார் ஒருவர். சுரண்டினால் கூரை தலையில் உட்காரும் என்றார் மேஸ்திரி. கட்டிலை ஆறு விரற்கடை அறுத்துவிடலாம் என்றார் ஒன்பதாவது வீட்டுக்காரர். அவர் என்மேல் இன்னும் கோபமாக இருந்தார்.

"மாமனார் குடுத்த கட்டில அறுத்தா வூடு நிக்கும். பொண்டாட்டி நிப்பாளா?" என்று கேட்டாள் ஆறு பிள்ளைக்காரர் மனைவி.

மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் மூன்றாவது வீட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். இன்றைக்கு நான் மாற்றினால் நாளைக்குப் பத்துப் பேரும் மாற்றுவார்கள். அப்புறம் எதற்குக் குலுக்கல்? அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மூன்றாவது வீட்டை வாங்கியிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாட்டு வண்டி வந்தது. ரோட்டு வழியாக வராமல் பண்ருட்டிப் பக்கத்து வண்டிப் பாதையில் வந்தது. அதாவது பத்தாவது வீட்டுப் பக்கம். கட்டில் மேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"என்னாங்க இது? தூரம் போவப் போவ வூடு பெருசாவுது?"

எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மேஸ்திரி மாட்டைத் தடவிக் கொடுத்தார்.

நாலு பேர் கட்டிலைத் தூக்கி உள்ளே விட்டோம். தலைப்பக்கம் எதிர்ச் சுவரில் முட்டியது. கால்பக்கம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. கதவு சாத்த முடியாது. திருப்பவும் முடியாது. மரம் பச்சை மரம், காய்ந்தால் சுருங்கிவிடும் என்றார் ஆறு பிள்ளைக்காரர். அவர் நல்லதற்குத்தான் சொன்னார்.

என் மனைவி சுவரில் சாத்தியிருந்த கோலைப் பார்த்தாள்.

"இது எங்க வூட்டுக்கு வந்தப்ப இவ்ளோ கட்டையா இல்லியே" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உங்க அண்ணன் வூட்டுல கட்டில் வெளில கெடந்துது. இங்கியும் வெளிலதானா?" என்றாள். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பப் பூட்டுவதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் பள்ளத்தைத் தாண்டி மாடு வராது, வெறித்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மாட்டோடு வடக்குத்துக்குப் போய்விட்டார். கதவைச் சாத்துவதற்காகக் கட்டிலை அவசரமாக வெளியே இழுத்து இறவாரத்தில் சுவரோடு போட்டோம். அளவெடுத்த மாதிரி அடங்கியது. ஒரு கால்கூட நனையவில்லை.

அவள் அதில் ஏறி உட்கார்ந்தாள். "மழை நிக்கட்டும். நின்னதும் போறேன்."

அந்த மழை நிற்கவில்லை. அடைமழை. சாரல் முன்பக்கமாகவே அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ரோட்டோர முதல் வீட்டின் முன்சுவர் ஊறிச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் அடுப்படியில் இருந்தார்கள். ஆறு பிள்ளைக்காரர் சட்டி பானையோடு நின்றார். பக்கத்து வீடுகளில் சுவர் ஓதமாகி விரல் வைத்தால் குழி விழுந்தது. வரிசையில் பெரிய வீடெல்லாம் அப்படித்தான் இருந்தது.

என் மனைவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். இடுப்பில் ஒன்று, இரண்டு கையிலும் இரண்டு என்று பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆறையும் கட்டிலில் குறுக்காகப் படுக்க வைத்தாள். பெரியதுக்கு மட்டும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்ற வைத்து அந்தக் குடும்பத்து எட்டுப் பேருக்கும் சேர்த்து உலை வைத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி எங்கள் சுவரைத் தொட்டுப் பார்க்க வந்தார். உலர்ந்திருந்தது. எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் கையாலேயே இறவாரத்தை அளந்து காட்டினாள்.

"அங்க ஒரு மொழம். இங்க ஒண்ணேமுக்கா மொழம். ஒங்க ஆளு வூட்டக் கொறைச்சாரு, கூரையக் கொறைக்கல."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டியிருக்கக் கூடாதா என்று கேட்டார். ஒன்பதாவது வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் சிரித்தார். அவர் வீட்டுச் சுவரும் உலர்ந்திருந்தது.

மழை விட்டதும் பத்துக் குடும்பமும் திரும்ப இறங்கியது. முதல் வீட்டுச் சுவரை எழுப்பினோம். கழி சேர்த்துக் கட்டி எல்லா வீட்டு இறவாரத்தையும் எங்கள் அளவுக்கு நீட்டினோம். மேஸ்திரி கோலின் முனைக்கு இரும்புப் பூண் போட்டார். போட்டு, கோலை என் மனைவி கையில் கொடுத்தார். பஸ் டிரைவர் தினமும் அந்த இடத்தில் வண்டியை மெதுவாக்கி, இன்றைக்கு எத்தனை விரற்கடை என்று என்னைக் கேட்டுவிட்டுப் போவார்.

அந்த வேலை நடக்கும்போது வண்டிக்காரர் வந்தார். போகலாமா என்று கேட்டார். நான் மண் குழைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. அவள் கூரை மூங்கிலுக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மழை இன்னும் விடலியே" என்றாள்.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கட்டில் இன்றைக்கும் வெளியேதான் கிடக்கிறது. அந்த ஒன்பது குடும்பமும் நினைத்திருந்தால் என்னை அன்றைக்கே வரிசையை விட்டுத் தள்ளியிருக்கலாம். தள்ளாமல் என் தப்பைப் பத்து வீட்டுக்கும் அளவாக எடுத்துக்கொண்டார்கள் என்பது, ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து நனையாமல் மழையைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருகிறது.