மோட்டாருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், மானாம்பதி தனபாக்கியம் அம்மாள் ஆள் அனுப்பினார். அவர் கிணற்று மோட்டார் நான் மாட்டிக் கொடுத்தது. ஓடினேன்.

நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. உழுத சேறு காய்கிறது. நடவுக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"இன்னா மேஸ்திரி, அரை மணி ஓடினா மோட்டாரு தோசைக்கல்லாட்டம் காயுது! டவுன் மெக்கானிக்கு வந்து, 'காயில் போச்சு, கயட்டி அனுப்பு, எட்டு நாள் ஆவும்'னுட்டாரு. நாத்து தாங்குமா?" என்றார் அம்மாள்.

தாங்காது.

"அவுரு படிச்சவராச்சே!" என்றாள் வரப்பிலிருந்து ஒருத்தி.

படிப்பா? நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்தவனில்லை... கையெழுத்துதான்! அதோடு, ஒயரை அறுக்காமல் ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டர் இந்த வட்டாரத்தில் என்னிடம் மட்டும்தான் உண்டு.

பார்த்தேன். இரண்டு லைனில் ஒன்பது ஒன்பது ஆம்பியர். மூன்றாவதில் ஐந்து. ஒருத்தன் சுமையை மற்ற இருவர் சுமந்தால் உடம்பு காயாதா?

சரி, குற்றம் மோட்டாரிலா, கரண்ட் வரும் வழியிலா?

மெயினை அணைத்து, மோட்டார் ஒயர் மூன்றையும் ஒவ்வோர் இடம் தள்ளி மாட்டினேன். மூன்றையும் சேர்த்துத் தள்ளினால் சுற்றும் திசை மாறாது.

"இன்னா வெளையாட்டு இது?" என்றாள் வரப்பிலிருந்தவள்.

"பந்தியிலே மூணு பேரை ஒவ்வொரு எலை தள்ளி உக்கார வையி. அப்பவும் அதே எலையிலே சோறு கொறைஞ்சா குத்தம் யாரு மேலே?"

"பரிமாறினவன் மேலே!"

அவ்வளவுதான்! மறுபடி ஓட்டினேன். ஐந்து ஆம்பியர் அதே லைனில் அசையாமல் நின்றது. மோட்டார் நிரபராதி.

மெயினை அணைத்து, அந்த லைனின் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். செம்பு நாக்கில் சந்தனம்! காய்ந்து, கருகி... கரண்ட் எப்படி நுழையும்?

தேய்த்துத் துடைத்து மாட்டினேன். எட்டு, எட்டு, எட்டு. ஒரு மணி நேரம் ஓடியும் மோட்டார் மேல் கை வைக்க முடிந்தது. குழாயில் தண்ணீர் பாய, பெண்கள் குலவையிட்டுச் சேற்றில் இறங்கினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

தனபாக்கியம் அம்மாள் அந்தக் கட்டையை நான் துடைக்கும்போதே உற்றுப் பார்த்திருக்கிறார். பீங்கான் ஓரத்தில், மிச்சச் சந்தனத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை.

"ஏன் மேஸ்திரி, பூஜையன்னிக்கு எல்லாத்தியும் கயட்டிப் பொட்டு வெச்சது நீதானே?"

சேற்றில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு உத்திரமேரூர் வரை கேட்டிருக்கும்.

என் வாழ்நாளிலேயே நான் வைத்த ஒரே கைநாட்டு அது!